நோர்பொத்தன் மாவட்டத்தைப் படிப்பது எப்படி? ஆற்றிலிருந்து அலுவலகம் வரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்த ஒருவர் மேற்படிப்புக்காக மனைவி, மகளுடன் சுவீடனின் வடகோடியிலுள்ள லூலியோ நகரத்துக்குப் போயிருக்கிறார். போன இரண்டாவது வாரத்திலேயே அலைபேசியில் அழைத்து, "டீச்சர், இங்கே கலெக்டர் ஆபீஸ் எது, பஞ்சாயத்து ஆபீஸ் எதுன்னே பிடிபடலை. மூணு கட்டடத்துலயும் நோர்பொத்தன்னு ஒரே பேர்தான் தெரியுது" என்றார். அவருக்காக நான் எழுதி அனுப்பிய குறிப்புகளைச் சற்று விரித்து, அங்கே போகிறவர்களுக்கும் இங்கிருந்தே அந்த நாட்டை அறிய விரும்புகிறவர்களுக்கும் பயன்படும் வழிகாட்டியாக இங்கே தருகிறேன்.

சுவீடனில் 21 மாவட்டங்கள் உள்ளன. மாவட்டத்தை அவர்கள் 'லேன்' என்பார்கள். ஒன்றை நன்றாகப் படித்துவிட்டால் மற்ற இருபதின் ஆட்சிமுறையும் பெரும்பாலும் விளங்கிவிடும். நான் நோர்பொத்தனை எடுத்துக்கொண்டதற்கு மாணவர் அங்கே இருப்பது மட்டும் காரணமில்லை. அது இரண்டு நாடுகளின் எல்லையில், மொழிகள் கலந்து கிடக்கும் ஒரு நிலம். தமிழக-கேரள எல்லையில் வாளையாறு, கோபாலபுரம் சோதனைச் சாவடிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது எளிதில் பிடிபடும்.

முதலில் ஆறுகளை வரையுங்கள்

அச்சிட்ட வரைபடத்தை உடனே திறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இடப்பக்க மேல்மூலையில் மலைகளையும் வலப்பக்கக் கீழ்மூலையில் கடலையும் குறித்துக்கொள்ளுங்கள். மலைகள் நார்வே எல்லையை ஒட்டியவை. சுவீடனின் மிக உயர்ந்த சிகரமான, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கெப்னெகைசெ அங்கேதான் இருக்கிறது. கடல் என்பது பொத்னியா வளைகுடாவின் வடமுனை. அதன் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் குளிர்காலத்தில் உறைந்து, லூலியோவிலிருந்து அருகிலுள்ள தீவுகளுக்குப் பனிக்கட்டியின் மேலேயே சாலை போடும் அளவுக்கு இறுகிவிடுகிறது.

இனி மலையிலிருந்து கடலுக்கு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, நான்கு கோடுகளை இழுங்கள். தெற்கிலிருந்து வடக்காக அவை பீத்தெ, லூலெ, காலிக்ஸ், தோர்ன ஆகிய நான்கு பெரிய ஆறுகள். ஒவ்வொன்றும் கடலில் சேரும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்: பீத்தியோ, லூலியோ, காலிக்ஸ், ஹபராண்டா. மாவட்டத்தின் கரையோர ஊர்களில் முக்கியமானவை உங்கள் தாளில் வந்துவிட்டன. பீத்தியோ, லூலியோ என்ற பெயர்களின் இறுதியில் ஒலிக்கும் 'ஓ' என்பதற்கே சுவீடிய மொழியில் ஆறு என்று பொருள்.

ஆறுகளை ஏன் முதலில் வரையச் சொல்கிறேன் என்றால், ஆட்சியின் பல முடிவுகள் அவற்றைப் பின்பற்றியே வந்திருக்கின்றன. ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டைத் தாண்டி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்ற ஒப்பந்தக் கணக்கைச் சித்தூர் வட்டத்து விவசாயிகள் விரல்நுனியில் வைத்திருப்பது போல, அந்த மக்களுக்கும் எந்த ஆற்றில் அணை உண்டு, எதில் இல்லை என்பது மனப்பாடம். லூலெ ஆற்றில் 1910-இல் போர்யூஸ் மின்நிலையப் பணி தொடங்கியது முதல் அணைகள் வரிசையாக எழுந்தன; இன்று சுவீடனின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. மாறாக, பீத்தெ, காலிக்ஸ், தோர்ன ஆகிய மூன்றும், பக்கத்து மாவட்டத்து விந்தெல் ஆறும், புதிய மின்அணைகள் கட்டக்கூடாத தேசிய ஆறுகளாகச் சட்டத்தால் காக்கப்பட்டவை. எனவே உங்கள் தாளில் லூலெ ஆற்றை மட்டும் வேறு நிறத்தில் தீட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அந்தத் தாளில் குறிக்க வேண்டும். தோர்ன ஆறு பாதி வழியில் கிளை பிரிந்து, தன் நீரில் ஏறத்தாழ பாதியை டேரெண்டோ என்ற இயற்கைக் கால்வாய் வழியாகக் காலிக்ஸ் ஆற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. மனிதர் வெட்டாமல், நிலமே செய்துகொண்ட பங்கீடு இது. பரம்பிக்குளத்துச் சுரங்கக் கால்வாய்களைப் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு, இதைப் படித்த அன்று வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கரையோரத்தைப் பற்றி ஒரு செய்தி: அங்கே நிலம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பனியுகத்தில் மேலே கிடந்த பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால், அழுந்திக் கிடந்த தரை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக இன்றும் எழும்புகிறது. 1621-இல் நகரமாக அறிவிக்கப்பட்ட லூலியோவின் துறைமுகம் ஆழம் குறைந்து பயன்படாமல் போகவே, 1649-இல் நகரத்தையே கடலோரம் பார்த்து இடம்மாற்றினார்கள். பழைய இடம் காம்மெல்ஸ்தாத் என்ற பெயரில் தேவாலயத்தைச் சுற்றி நிற்கும் 400-க்கு மேற்பட்ட மரவீடுகளோடு அப்படியே இருக்கிறது. 1996-இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. தொலைவிலிருந்து ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தவர்கள் இரவு தங்கிப் போகக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை.

அளவை நம் ஊர்க் கணக்கில் வையுங்கள்

எண்களை வெறுமனே மனப்பாடம் செய்தால் நிற்காது. நோர்பொத்தனின் பரப்பு ஏறத்தாழ 1 லட்சம் சதுர கி.மீ.; அதாவது சுவீடனில் கால்பங்கு, கேரளத்தைப் போல இரண்டரை மடங்கு. மக்கள்தொகையோ ஏறத்தாழ 2.5 லட்சம்தான். பாலக்காடு மாவட்டம் சுமார் 4,480 சதுர கி.மீ. பரப்பில் 2011 கணக்கெடுப்பின்படி 28 லட்சம் பேரைக் கொண்டிருந்தது என்பதை இதன் பக்கத்தில் எழுதுங்கள்.

மாவட்டத்துக்குள் 14 'கொம்யூன்'கள் உள்ளன. கொம்யூன் என்பது ஊராட்சியும் நகராட்சியும் சேர்ந்த ஓர் உள்ளாட்சி அலகு. கிருனா கொம்யூன் மட்டுமே 19,000 சதுர கி.மீ.க்கு மேல், பாலக்காடு மாவட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். ஆர்யெப்ளோக் கொம்யூன் 12,000 சதுர கி.மீ.க்கு மேல் விரிந்தும் அங்கே 3,000 பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள். மக்களில் பெரும்பாலோர் கரையோரத்தில், அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லூலியோவில். இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மருத்துவமனை எங்கே இருக்க வேண்டும், பேருந்து எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பவை அங்கே ஏன் பெரிய அரசியல் கேள்விகளாக இருக்கின்றன என்பது புரியும்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சுவீடனில் 'லேன்' வேறு, 'லண்ட்ஸ்காப்' வேறு. லண்ட்ஸ்காப் என்பது பழைய நாட்டுப்பிரிவு. நாம் கொங்குநாடு, வள்ளுவநாடு என்று சொல்வது போல. அதற்கு ஆட்சி அதிகாரம் எதுவும் கிடையாது. லேன் என்பது 1634-இல் அக்செல் ஊக்சென்ஷேர்னா வகுத்த ஆட்சிச் சட்டத்தின் வழியே வந்த நிர்வாகப் பிரிவு. நோர்பொத்தன் என்ற பெயரில் கரையோரத்தில் ஒரு பழைய நாடும் உண்டு, அதைவிடப் பெரிய மாவட்டமும் உண்டு. மலைப்பக்கத்து லாப்லாந்து என்ற பழைய நாடோ இரண்டு மாவட்டங்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. கிருனாக்காரர் தம்மை லாப்லாந்துக்காரர் என்றும் நோர்பொத்தன் மாவட்டத்தவர் என்றும் ஒரே மூச்சில் சொன்னால், இரண்டும் சரியே.

எல்லைக்கோடு எப்போது விழுந்தது என்று கேளுங்கள்

எந்த எல்லை மாவட்டத்தைப் படித்தாலும் இந்தக் கேள்வியைத் தவறவிடக் கூடாது. 1809 வரை பின்லாந்து சுவீடனின் பகுதி. ரஷ்யாவோடு நடந்த போரில் சுவீடன் அதை இழந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் தோர்ன ஆற்றையும் அதன் மேல்துணையாறுகளையும் எல்லையாக்கியது. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மொழி பேசி, ஒரே உறவுமுறையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் இரண்டு அரசுகளின் குடிகளானார்கள். ஆற்று முகத்திலிருந்த தோர்னியோ நகரம் ரஷ்யாவின் பக்கம் போய்விட, சுவீடன் தன் கரையில் ஹபராண்டாவை வளர்த்தது. மறு ஆண்டு, 1810-இல், வேஸ்தெர்பொத்தன் மாவட்டத்திலிருந்து பிரித்து நோர்பொத்தன் மாவட்டம் உருவாக்கப்பட்டது. இன்று ஹபராண்டாவும் பின்லாந்தின் தோர்னியோவும் ஒட்டிய ஊர்கள். ஆனால் பாலத்தைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும்.

சுவீடன் கரையில் மிஞ்சிய பின்னிய மொழி (பின்லாந்தின் மொழி), காலப்போக்கில் 'மெயான்கியெலி' என்ற பெயர் பெற்றது. அதன் பொருள் 'எங்கள் மொழி' என்பதே. பல பத்தாண்டுகள் பள்ளிகளில் அந்த மொழி ஒதுக்கப்பட்டது; பிள்ளைகள் வீட்டுமொழியைப் பேசியதற்காகக் கண்டிக்கப்பட்ட அனுபவங்களை, அரசு அமைத்த உண்மை ஆணையம் 2023 நவம்பரில் அளித்த அறிக்கையில் பதிவுசெய்தது. 2000-ஆம் ஆண்டு முதல் மெயான்கியெலி, பின்னியம், வடபகுதிப் பழங்குடியினரின் சாமி, ரோமானி, யித்திஷ் ஆகிய ஐந்தும் தேசியச் சிறுபான்மை மொழிகள். 2010-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, குறிப்பிட்ட கொம்யூன்களில் சாமி, பின்னியம், மெயான்கியெலி பேசுவோர் தம் மொழியிலேயே அலுவலகத்தை அணுகலாம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை விழுந்தபோது கேரளப் பக்கம் நின்றுபோன தமிழ்க் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது என்பதால், இந்தப் பகுதியை மட்டும் நான் வகுப்பில் ஒரு வாரம் நடத்தியிருப்பேன்.

ஆற்றுப் பிரச்சினையை இரு நாடுகளும் தனித்தனியே தீர்க்க முடியாது என்பதால், 1971-இல் எல்லையாற்று ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. 2010-இல் புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

மூன்று கதவுகள்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஒரே வரைபடத்தின் மேல் மூன்று வெவ்வேறு அமைப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. குழப்பம் அங்கேதான்.

முதலாவது 'லேன்ஸ்டீரெல்சே'. இது ஸ்டாக்ஹோம் அரசின் மாவட்டக் கரம். தலைவர் 'லண்ட்ஸ்ஹெவ்திங்', அதாவது மாவட்ட ஆளுநர். இவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நாட்டின் அரசு நியமிக்கிறது. பொதுவாக 6 ஆண்டுப் பதவி. நம் கலெக்டரோடு ஒப்பிடலாம், ஆனால் ஓரளவுக்குத்தான்: இவர் வரி வசூலிப்பதில்லை, நிலப்பட்டா கொடுப்பதில்லை, கொம்யூன்களுக்கு மேலதிகாரியும் அல்லர். இயற்கைப் பாதுகாப்பு, விலங்கு நலன், கரடி போன்ற காட்டுவிலங்குகளின் வேட்டை, விவசாய உதவித்தொகை, பேரிடர் ஒருங்கிணைப்பு, கட்டட அனுமதி மீதான மேல்முறையீடு ஆகியவை இந்த அலுவலகத்துக்கு வரும். தேர்தல் வாக்குகளின் இறுதி எண்ணிக்கையும் இங்கேதான் நடக்கிறது.

இரண்டாவது 'ரெகியூன்'. இதன் மன்றத்தை மாவட்ட மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்திலும் கவனத்திலும் பெரும்பங்கு மருத்துவத்துக்கே போகிறது. லூலியோவுக்கும் பூதெனுக்கும் இடையே நிற்கும் சுந்தர்பீ மருத்துவமனையும், பீத்தியோ, காலிக்ஸ், யெல்லிவாரெ, கிருனா மருத்துவமனைகளும் இதன் பொறுப்பு. மிகச் சிக்கலான சிகிச்சைக்குப் பக்கத்து மாவட்டத்து ஊமியோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வட்டாரப் போக்குவரத்திலும் ரெகியூனுக்குப் பங்குண்டு.

மூன்றாவது கொம்யூன். பள்ளி, மழலையர் பள்ளி, முதியோர் பராமரிப்பு, குடிநீர், குப்பை, தீயணைப்பு, நகரத் திட்டம் என்று அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் இதன் கையில். கொம்யூனுக்கு மேல் ரெகியூன், ரெகியூனுக்கு மேல் லேன்ஸ்டீரெல்சே என்று ஏணிப்படி போட்டுக்கொள்வதே நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. உள்ளாட்சியின் தன்னாட்சியை அரசமைப்பே உறுதிசெய்கிறது. ரெகியூன் கொம்யூனுக்கு ஆணையிட முடியாது. வருமானவரியிலும் இது தெரியும்: சம்பளத்தில் பிடிக்கப்படும் உள்ளூர் வரி, நாடு முழுவதும் சராசரியாக 32 சதவீதத்தை ஒட்டியது, கொம்யூனுக்கும் ரெகியூனுக்கும் நேராகப் போகிறது.

இந்த மூன்று தவிர, வேறு சில அரசுத்துறைகள் மாவட்டக் கட்டமைப்புக்கு வெளியே நேரடியாக இயங்குகின்றன. குடியிருப்புப் பதிவு வரித்துறையிடம். விசா குடிபெயர்வுத் துறையிடம். சாமி பழங்குடி மக்களுக்கு 1993-இல் தொடங்கப்பட்ட தனி நாடாளுமன்றம் கிருனாவில் உள்ளது.

ஒரு நிகழ்வை எடுத்துப் பழகுங்கள்

சட்டத்தைப் படிப்பதைவிட, நடந்த ஒன்றை எடுத்து 'இதில் யார் முடிவெடுத்தது' என்று பிரித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி. கிருனா நகரம் அதற்கு ஏற்றது. பூமிக்கடியில் இரும்புத்தாது தோண்டத் தோண்ட நிலம் தளர்ந்து, நகரத்தின் ஒரு பகுதியையே கிழக்கே பெயர்க்க வேண்டிவந்தது. சுரங்க உரிமை அளிப்பது நாட்டு அரசின் துறை. தோண்டும் நிறுவனமான எல்.கே.ஏ.பி. அரசுக்குச் சொந்தமானது, பெயர்ப்புச் செலவு அதன் தலையில். புதிய தெருக்களும் நகர மண்டபமும் எங்கே வர வேண்டும் என்ற திட்டம் கொம்யூனுடையது. 1912-இல் திறக்கப்பட்ட மரத்தேவாலயம் போன்ற மரபுக் கட்டடத்தைத் தொட வேண்டுமானால் லேன்ஸ்டீரெல்சேயின் அனுமதி வேண்டும். 2025 ஆகஸ்டில், 672 டன் எடையுள்ள அந்தத் தேவாலயத்தைப் பிரிக்காமலே சக்கர வண்டிகளின் மேல் ஏற்றி, இரண்டு நாளில் 5 கி.மீ. நகர்த்தினார்கள். நம் ஊரில் தேர் அசைந்து வருவதைப் பார்க்க நிற்பது போல மக்கள் தெருவோரம் நின்று பார்த்தார்கள்.

அதிகாரம் கைமாறியதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மலைப்பகுதியில் சிறுவிலங்கு வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உரிமம் கொடுப்பதை லேன்ஸ்டீரெல்சே செய்துவந்தது. யெல்லிவாரெப் பக்கத்து கிர்யாஸ் என்ற கலைமான் மேய்ப்போர் அமைப்பு அரசின் மேல் வழக்குத் தொடர்ந்தது. 2020 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், அந்த நிலப்பகுதியில் உரிமம் அளிக்கும் உரிமை கிர்யாஸுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது.

ஆவணத்தைத் திறக்கும் முறை

அலுவலகத் தாள் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கொம்யூன் எண்ணைத் தேடுங்கள். அது நான்கு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாவட்டம், பின்னிரண்டு கொம்யூன். நோர்பொத்தனுக்கு 25. எனவே 2580 என்றால் லூலியோ, 2583 ஹபராண்டா, 2584 கிருனா. 25 என்று தொடங்காத எண் இருந்தால் அது வேறு மாவட்டத்துத் தாள்.

கூடுதல் தகவல் வேண்டுமானால் தயங்காமல் கேளுங்கள். பொது ஆவணங்களைப் பார்க்கும் உரிமை அங்கே 1766-இல் வந்த அச்சுரிமைச் சட்டத்திலிருந்து தொடர்கிறது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அலுவலகத்தின் 'ரெகிஸ்த்ராதோர்' என்ற பதிவாளருக்கு மின்னஞ்சல் எழுதி, எந்தப் பொருள் பற்றிய ஆவணம் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும். இரகசியக் காப்பு இல்லாத ஆவணத்துக்குப் பெயரையோ காரணத்தையோ கேட்கக் கூடாது என்பதே விதி.

வாக்குரிமையையும் பலர் கவனிப்பதில்லை. நாடாளுமன்றம், ரெகியூன், கொம்யூன் மூன்றுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று ஒன்றாகத் தேர்தல் நடக்கிறது. 2022 செப்டம்பர் 11-க்குப் பிறகு 2026 செப்டம்பர் 13. நாடாளுமன்றத்துக்குக் குடியுரிமை வேண்டும். ஆனால் 18 வயது நிறைந்து, தேர்தல் நாளுக்கு முன் தொடர்ந்து 3 ஆண்டுகள் அங்கே குடியிருப்பாளராகப் பதிவாகியிருக்கும் இந்தியரும் ரெகியூனுக்கும் கொம்யூனுக்கும் வாக்களிக்கலாம்.

மாணவர் கடைசியாகக் கேட்டது மகளின் தமிழைப் பற்றி. அது கொம்யூனின் கதவு. வீட்டில் அன்றாடம் பேசும் மொழி தமிழ் என்றால், தாய்மொழிப் பாடத்துக்குப் பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். கொம்யூனுக்குள் குறைந்தது 5 பிள்ளைகள் அதே மொழியைக் கேட்க வேண்டும், தகுந்த ஆசிரியரும் கிடைக்க வேண்டும்; மெயான்கியெலி போன்ற தேசியச் சிறுபான்மை மொழிகளுக்கு அந்த ஐவர் நிபந்தனை கிடையாது. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்க வேண்டியதில்லை, ஒரே கொம்யூனில் இருந்தால் போதும். ஆகவே விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன் லூலியோ கொம்யூனுக்குள் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பார்த்து, எல்லோரும் ஒரே பருவத்தில் விண்ணப்பிக்குமாறு பேசி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.